பின்தொடை பிடித்தபின் மீண்டும் முழு வேகத்துக்கு: ஓட்டக்காரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

100 மீட்டர் ஓட்டத்தில் அறுபது, எழுபது மீட்டரைத் தாண்டும் இடம். நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருப்பவர் சட்டென்று நிமிர்கிறார், கை பின்தொடைக்குப் போகிறது, நாலு எட்டு நொண்டிவிட்டு நின்றுவிடுகிறார். ‘ஹாம்ஸ்ட்ரிங் போச்சு’ என்று கேலரியில் இருப்பவரே சொல்லிவிடுவார். கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபம். சிக்கல் அடுத்த ஆறு வாரத்தில்தான் இருக்கிறது.

நம் மைதானங்களில் வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். ஒரு வாரம் ஓய்வு, எண்ணெய் போட்டு நீவல், வெந்நீர் ஒத்தடம். பத்துப் பன்னிரண்டு நாளில் நடக்கும்போது வலி இருக்காது. மெதுவாக ஜாகிங் போனாலும் இருக்காது. மாவட்ட மீட்டுக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது, ஓடுகிறார். அதே இடத்தில் மறுபடி பிடிக்கிறது, இந்த முறை இன்னும் பலமாக.

இந்தக் காயத்தில் வலி சீக்கிரம் போய்விடும். ஆனால் முழு வேகத்தில் காலைத் தாங்கும் திறன் தானாக வந்து சேராது, பயிற்சி கொடுத்துத்தான் வரவழைக்க வேண்டும். வலி போன நாளுக்கும் அந்தத் திறன் வரும் நாளுக்கும் நடுவே சில வாரங்கள் உண்டு. அந்த வாரங்களில் என்ன செய்வது என்பதைத்தான் எழுதப்போகிறேன். வேகமாக ஓடும்போது ஏற்படும் கிழிவையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். தடகளத்திலும் கால்பந்திலும் கிரிக்கெட்டிலும் பெரும்பாலும் வருவது அதுதான்.

## கிழிவது எது, ஏன்?

உட்காரும்போது நாற்காலியில் அழுந்தும் எலும்பு முனை ஒன்று புட்டத்தின் அடியில் இருக்கிறது. பின்தொடைத் தசைகள் மூன்றும் அங்கிருந்துதான் கிளம்பி, முழங்காலைத் தாண்டிப் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஆக, இடுப்பு அசைந்தாலும் முழங்கால் அசைந்தாலும் அவற்றுக்கு வேலை உண்டு. உட்பக்கம் செமிடெண்டினோசஸ், செமிமெம்ப்ரனோசஸ் என்ற இரண்டு. வெளிப்பக்கம் பைசெப்ஸ் ஃபெமோரிஸ். இதன் நீண்ட தலைதான் ஓட்டத்தில் அதிகம் கிழிகிறது.

முழு வேகத்தில் கால் முன்னால் வீசப்பட்டு, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முந்தைய கணத்தைக் கவனியுங்கள். தொடை உயர்ந்திருக்கிறது, முழங்கால் படுவேகமாக நீள்கிறது. அந்த வீச்சைப் பிடித்து நிறுத்த வேண்டியது பின்தொடை. தான் நீண்டுகொண்டே பிரேக்கும் போட வேண்டும். 80 சதவீத வேகத்திலிருந்து 100க்குப் போகும்போது தசை நீளும் அளவு பெரிதாகக் கூடுவதில்லை, பிரேக் போடும் வேலை மட்டும் எகிறுகிறது என்று ஓட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஜாகிங்கில் வலி இல்லை என்பது எதையும் நிரூபிக்காததற்குக் காரணம் இதுதான்.

2021 ஜனவரி சிட்னி டெஸ்டின் கடைசி நாளை நினைத்துப் பாருங்கள். ஹனுமா விஹாரிக்கு ஒரு ரன்னுக்கு ஓடும்போது பின்தொடை போனது. அதற்குப் பிறகும் அஸ்வினோடு சேர்ந்து மாலைவரை நின்று, 161 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 23 எடுத்து டெஸ்டை டிரா செய்தார். நின்ற இடத்தில் தடுத்தாட அந்தத் தசையிடம் பெரிதாக எதுவும் கேட்க வேண்டியதில்லை. ரன் ஓடத்தான் முடியவில்லை. அடுத்த பிரிஸ்பேன் டெஸ்டில் அவர் ஆடவில்லை.

## படி 1: யாரிடம் காட்டுவது?

பயிற்சி தொடங்கும் முன் இது சாதாரணக் கிழிவுதானா என்று தெரிய வேண்டும். கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கோ மறுநாளோ எலும்பு மூட்டு மருத்துவரிடமோ விளையாட்டு மருத்துவரிடமோ போய்விடுங்கள்.

- ‘டப்’ என்று சத்தம் கேட்டு, காலை ஊன்றவே முடியாமல் போவது.
- ஓரிரு நாளில் பின்தொடை முழுக்கப் பெரிய ரத்தக்கட்டு பரவுவது, அல்லது தடவினால் தசையில் பள்ளம் தட்டுப்படுவது.
- வலி புட்டத்தின் அடி எலும்பிலேயே இருந்து, உட்காரவே முடியாதது.
- முழங்காலுக்குக் கீழே மரத்துப்போவது, எறும்பு ஊர்வது போல இருப்பது, முதுகிலிருந்து வலி இறங்குவது. இது நரம்பாக இருக்கலாம்.
- அடிபட்ட கணம் என்று ஒன்றே இல்லாமல் கால் வீங்கி, சூடாகிக் கனப்பது. ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பள்ளி, கல்லூரி வயதினரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வளரும் வயதில் தசையைவிட, அது ஒட்டியிருக்கும் எலும்பின் வளர்ச்சிப் பகுதி பலவீனமானது. உட்காரும் எலும்பின் அந்தப் பகுதி முழுதாக ஒட்டிக்கொள்ள பதின்வயதின் கடைசி, சிலருக்கு இருபதுகளின் தொடக்கம்கூட ஆகும். அதனால் 15 வயதுப் பையனுக்கு ‘ஹாம்ஸ்ட்ரிங் பிடிப்பு’ என்று நாம் நினைப்பது எலும்புத் துண்டே பிய்ந்து வந்ததாக இருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயிலேயே இது பெரும்பாலும் தெரிந்துவிடும். வலி மேலே எலும்பருகில் இருந்தால் உடற்கல்வி ஆசிரியர்கள் இந்த எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கவேண்டும்.

அடுத்து, எப்படி வந்தது என்று கேளுங்கள். வேகமாக ஓடும்போது வந்ததா, காலை அகட்டி நீட்டும்போது வந்ததா? ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் அஸ்க்லிங் 18 ஓட்ட வீரர்களையும் 15 நடனக் கலைஞர்களையும் தொடர்ந்து கவனித்தார். நடனக் கலைஞர்களுக்குக் காயம் நீட்டும்போது வந்தது. முதல் நாள் வலியும் நடைச் சிரமமும் ஓட்டக்காரர்களைவிடக் குறைவு. ஆனால் பழைய நிலைக்குத் திரும்ப ஓட்டக்காரர்களுக்கு இடைநிலையாக 16 வாரமும் நடனக் கலைஞர்களுக்கு 50 வாரமும் ஆனது. கபடி ரெய்டர் போனஸ் கோட்டுக்கோ டிஃபெண்டரைத் தொடவோ காலை நீட்டும்போது வரும் காயம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். ‘லேசாகத்தான் இழுத்தது’ என்று அவர் சொல்வதை நம்பித் தேதி குறிக்காதீர்கள்.

ஓட்டக் காயத்திலும், அதிகம் வலிக்கும் புள்ளி உட்காரும் எலும்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நாள் கூடும். குப்புறப் படுக்கவைத்து, எலும்பு முனையிலிருந்து வலிக்கும் இடம்வரை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

எம்ஆர்ஐ எல்லோருக்கும் தேவையில்லை. கிழிவு தசைநாணுக்குள் (தசையை எலும்போடு இணைக்கும் நாருக்குள்) போயிருக்கிறதா, எலும்பிலிருந்து பிய்ந்திருக்கிறதா என்ற சந்தேகம் இருந்தால் எடுக்க வேண்டும். பிரிட்டிஷ் அத்லெடிக்ஸ் அமைப்பு 2014இல் வெளியிட்ட வகைப்பாட்டில் தசைநாணுக்குள் போன கிழிவுக்கு ‘சி’ என்று தனி எழுத்தே உண்டு. அதை அவசரப்படுத்தக் கூடாது. அதே நேரம், நன்றாகக் குணமாகி ஆட்டத்துக்குத் திரும்பும் வீரர்களில் பெரும்பாலானோருக்கு எம்ஆர்ஐ படத்தில் இன்னும் மாற்றம் தெரியும். படம் சுத்தமாகட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

## படி 2: முதல் சில நாட்கள்

செய்யக்கூடாதவை முதலில். சூட்டு ஒத்தடம் வேண்டாம். அழுத்தி நீவ வேண்டாம். சுளுக்கு எடுப்பவரிடம் போகவும் வேண்டாம். புதிதாகக் கிழிந்த தசையை அழுத்தித் தேய்த்தால் உள்ளே ரத்தக் கசிவு கூடும். காலைத் தூக்கிக் கம்பியில் வைத்து நீட்டிப் பார்ப்பது, ‘இப்ப எப்படி இருக்கு’ என்று நாலு எட்டு ஓடிப் பார்ப்பது இரண்டும் கூடாது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வலி குறைய, துணி சுற்றிய ஐஸ் ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம். எலாஸ்டிக் பேண்டேஜ். படுக்கும்போது காலுக்கு அடியில் தலையணை. நொண்டி நடக்க நேர்ந்தால் ஒரு ஊன்றுகோல் வாங்கிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பலரும் இந்த ஓய்வை நீட்டித்துக்கொண்டே போகிறார்கள். 2017இல் டென்மார்க் ஆய்வு ஒன்றில் தொடையிலோ கெண்டைக்காலிலோ தசை கிழிந்த 50 பொழுதுபோக்கு விளையாட்டுக்காரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு காயம்பட்ட இரண்டாம் நாளே பயிற்சி தொடங்கியது, இன்னொன்று ஒன்பதாம் நாள். ஒரு வாரம்தான் வித்தியாசம். முதல் குழு 62.5 நாளில் திரும்பியது, இரண்டாவதற்கு 83 நாள் ஆனது. தொடக்கத்தில் இழந்த ஒரு வாரம் கடைசியில் மூன்று வாரமாக நீண்டிருக்கிறது.

எனவே இரண்டாம், மூன்றாம் நாளில் தொடங்கிவிடலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை லேசாக மடக்கி, குதிகாலால் தரையை மெதுவாக அழுத்துங்கள். தசை அசையாமல் வேலை செய்ய வேண்டும். 10 விநாடி அழுத்தி விடுவது, ஐந்து தடவை, நாளுக்கு மூன்று வேளை. அழுத்தத்தை நீங்களே கூட்டிக் குறைக்கலாம்.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. வலி தாங்காவிட்டால் மருத்துவரைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பயிற்சிக்கு முன் வலி மாத்திரையோ டைக்ளோஃபெனாக் ஊசியோ போட்டுக்கொண்டு வருவதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. அடுத்து வரும் ஒவ்வொரு படியிலும் வலிதான் நமக்குக் கையில் இருக்கும் ஒரே மீட்டர். ஸ்டீராய்டு ஊசி என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு: குளுக்கோகார்ட்டிகாய்டு எந்த இடத்தில் ஊசியாகப் போட்டாலும் 2022 முதல் போட்டிக் காலத்தில் வாடா (உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) விதிப்படி தடை. பிஆர்பி ஊசிக்கு (நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைச் செறிவாகப் பிரித்துப் போடுவது) செலவு செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நெதர்லாந்தில் 80 விளையாட்டு வீரர்களை வைத்து நடந்து 2014இல் வெளியான ஆய்வில் வெறும் உப்புநீர் ஊசியைவிட அது ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை. அந்தப் பணத்தை முட்டைக்கும் பாலுக்கும் செலவிடுங்கள்.

## படி 3: நொண்டல் போவதிலிருந்து ஜாகிங் வரை

வலியை 0 முதல் 10 வரை எண்ணாகச் சொல்லப் பழக்குங்கள். வலியே இல்லாமல்தான் பயிற்சி செய்ய வேண்டும் என்பது பழைய விதி. ஆஸ்திரேலியாவில் 43 ஆண்களிடம் நடத்திய சோதனையில் 4 வரை வலியை அனுமதித்த குழுவும் வலியே கூடாது என்ற குழுவும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் திரும்பின. ஆனால் அனுமதித்த குழுவுக்கு வலிமை கூடுதலாக மீண்டிருந்தது. நான் வைத்துக்கொள்ளும் விதி: பயிற்சியின்போது 4க்கு மேல் போகக்கூடாது, மறுநாள் காலையில் எழுந்து நடக்கும்போது முந்தைய நாளைவிட மோசமாக இருக்கக்கூடாது. ஓட்டப் பயிற்சிக்கும், வலிக்கு முன் நிறுத்தச் சொல்லும் பயிற்சிகளுக்கும் இந்தச் சலுகை கிடையாது. அங்கே வலி தெரிந்தால் நிறுத்த வேண்டும்.

இந்தக் கட்டத்தில் செய்யவேண்டியவை: இரண்டு காலிலும் பிரிட்ஜ் (மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்குவது), பிறகு ஒரு காலில். பக்கவாட்டில் சிறு எட்டு வைத்து நகர்வது. கால்களை முன்னும் பின்னும் குறுக்கே போட்டு நகர்வது. ஒற்றைக் காலில் நின்று பந்து பிடிப்பது. பிளாங்க் (முழங்கையையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராகப் பிடித்திருப்பது), சைடு பிளாங்க். பார்ப்பதற்குச் சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரியும். இதை அலட்சியப்படுத்துபவர்களுக்கு 2004இல் அமெரிக்காவில் ஷெர்ரியும் பெஸ்டும் 24 பேரிடம் செய்த ஒப்பீட்டைச் சொல்லலாம். 11 பேர் தசையை நீட்டுவதும் தனியாக வலிமை ஏற்றுவதுமாகச் செய்தார்கள். 13 பேர் மேலே சொன்ன நகர்வுகளும் உடல் நடுப்பகுதிப் பயிற்சிகளும். ஆட்டத்துக்குத் திரும்பிய இரண்டே வாரத்தில் முதல் குழுவில் 6 பேருக்கு மறுபடி கிழிந்தது, இரண்டாம் குழுவில் ஒருவருக்கும் இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் காலை மாலை தசையை நீட்டிக்கொண்டே இருந்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை விட்டுவிட இது போதும்.

வேகமாக நடக்கும்போது நொண்டல் இல்லை, ஒற்றைக்கால் பிரிட்ஜ் பத்து தடவை தூக்க முடிகிறது என்றால் மெதுவான ஜாகிங் தொடங்கலாம். லேசான காயத்தில் ஒரு வாரத்துக்குள்கூட இது வந்துவிடும்.

## படி 4: நீண்ட நிலையில் வலிமை

தசை கிழிந்தது நீண்டிருந்தபோது. அதனால் நீண்ட நிலையில்தான் அதை வலுவாக்க வேண்டும். ஜிம்மில் குப்புறப் படுத்துக் காலை மடக்கும் லெக் கர்ல் மெஷினை மட்டும் ஓட்டிவிட்டு வருபவர்களுக்கு இந்தப் பாதி கிடைப்பதில்லை.

அஸ்க்லிங் வகுத்த மூன்று பயிற்சிகளுக்குக் கருவியே வேண்டாம். ஸ்வீடனின் உயர்மட்ட ஓட்டக்காரர்கள், தாண்டுபவர்கள் 56 பேரில் இந்த முறையைச் செய்த குழு சராசரியாக 49 நாளில் திரும்பியது. வழக்கமான பயிற்சி செய்த குழுவுக்கு 86 நாள். கால்பந்து வீரர்கள் 75 பேரில் அதே ஒப்பீடு 28 நாள், 51 நாள் என்று வந்தது. காயம்பட்ட ஐந்தாம் நாளிலேயே அவர்கள் இதைத் தொடங்கினார்கள்.

முதலாவது எக்ஸ்டெண்டர். மல்லாந்து படுத்து, காயம்பட்ட காலின் தொடையை இரண்டு கையாலும் பிடித்து இடுப்பை 90 டிகிரியில் வையுங்கள். முழங்காலை மெதுவாக நீட்டி, வலி வருவதற்குச் சற்று முன் நிறுத்தி மடக்குங்கள். 12 தடவை வீதம் 3 செட், தினமும் இரண்டு வேளை.

இரண்டாவது டைவர். காயம்பட்ட காலில் நின்று, அந்த முழங்காலைச் சற்றே மடக்கி, கைகளை முன்னால் நீட்டியபடி இடுப்பிலிருந்து முன்னே சாயுங்கள். மற்ற கால் பின்னால் போகும், அதன் முழங்கால் மடங்கியிருக்கும். இடுப்பு ஒரு பக்கம் திரும்பிவிடக் கூடாது, எல்லோரும் தவறுவது அங்கேதான். பின்னால் நின்று ஒருவர் பார்த்தால் நல்லது. 6 தடவை, 3 செட், ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

மூன்றாவது கிளைடர். ஒரு கையால் ஜன்னல் கம்பியையோ மேசையையோ பிடித்துக்கொண்டு, எடை முழுவதையும் காயம்பட்ட காலின் குதிகாலில் வைத்து நில்லுங்கள். மற்ற காலுக்குச் சாக்ஸ் போட்டு, வழவழப்பான தரையில் அதைப் பின்னால் வழுக்கவிட வேண்டும். வலிக்கு முன் நிறுத்தி, திரும்பி வரும்போது கையால் இழுத்து உதவுங்கள். 4 தடவை, 3 செட், மூன்று நாளுக்கு ஒருமுறை. மொசைக் தரை உள்ள வீட்டில் பிரமாதமாக வரும். சிமெண்ட் தரை என்றால் சாக்ஸுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் போட்டுக்கொள்ளுங்கள்.

இவற்றோடு எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும். ரொமேனியன் டெட்லிஃப்ட் (முழங்காலை லேசாக மடக்கி, முதுகை நேராக வைத்து, இடுப்பிலிருந்து குனிந்து எடையோடு நிமிர்வது), முதலில் இரண்டு கால், பிறகு ஒற்றைக் கால். பார்பெல் இல்லாத ஊர்களில் அரிசி மூட்டை, தண்ணீர்க் கேன் எல்லாம் வேலை செய்யும். எடை கூடிக்கொண்டே போகிறதா என்பதுதான் முக்கியம். ஒரு மாதமாக ஐந்து கிலோவிலேயே நிற்பவர் வலிமை ஏற்றவில்லை.

நார்டிக் இந்தக் கட்டத்தின் கடைசியில் வரட்டும். முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்தபடி எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் விழுவது. கையால் தரையைத் தாங்கி, தள்ளி எழுந்துகொள்ளலாம். டென்மார்க்கில் 900க்கும் மேற்பட்ட கால்பந்து வீரர்களிடம் சோதிக்கப்பட்டது. இதைத் தடுப்புப் பயிற்சியாகச் செய்யும் அணிகளில் பின்தொடைக் காயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று பின்னால் வந்த தொகுப்பு ஆய்வு சொல்கிறது. முதல் வாரம் ஒரே ஒரு நாள், 5 தடவை, 2 செட். அதற்கு மேல் ஆர்வப்பட்டால் இரண்டு நாள் மாடிப்படி இறங்க முடியாது. அடுத்த வாரம் இரண்டு நாள், பிறகு மூன்று செட் என்று பத்து வாரத்தில் ஏற்றுங்கள்.

## படி 5: ஓட்டம்

பாதிப் பேர் விட்டுவிடும் படி இது. பிசியோ அறையில் எல்லாம் சரியாக இருக்கும், அங்கிருந்து நேராக மீட்டுக்குப் போவார்கள். நடுவில் இருக்க வேண்டிய டிராக் வேலையைச் செய்ய யாரும் இருக்க மாட்டார்கள். மேலே சொன்ன எந்தப் பயிற்சியும் முழு வேக ஓட்டம் கேட்கும் வேகத்தில் பிரேக் போடக் கற்றுத்தராது. அதைக் கற்றுத்தருவது ஓட்டம் மட்டும்தான்.

நேர்ப்பாதையில் 100 மீட்டரை மூன்றாகப் பிரித்துக் கோன் வையுங்கள்: 40 மீட்டர் வேகம் ஏற்ற, 20 மீட்டர் அதே வேகத்தில் போக, 40 மீட்டர் இறங்க. மூன்று ஓட்டம். வலி, பயம், இறுக்கம் எதுவும் இல்லையென்றால் ஏற்றும் தூரத்தையும் இறங்கும் தூரத்தையும் 35 ஆக்குங்கள். பிறகு 25, 20, 15, 10. நடுவில் 20 மீட்டர் மாறாது. வேகம் ஏற்றும் தூரம் குறையக் குறைய, தசையிடம் கேட்கும் வேலை கூடும். ஒரே நாளில் இரண்டு நிலைக்கு மேல் தாண்ட வேண்டாம். நிறுத்தும் தூரத்தையும் சேர்த்தே குறைப்பதில் காரணம் உண்டு: பந்தய முடிவில் சட்டென்று நிற்கும்போதும், ஃபீல்டிங்கில் பவுண்டரிக் கோட்டருகே நிறுத்தும்போதும் பின்தொடைக்கு வேலை இருக்கிறது.

இந்தக் கட்டம் முழுவதும் வேகம் அவருடைய உச்ச வேகத்தில் 70, 75 சதவீதத்தைத் தாண்ட வேண்டியதில்லை. அதற்கு மேல் போகும்போது வாட்சை வைத்துக்கொண்டு போக வேண்டும். ‘80 பர்சென்ட் ஓடு’ என்று சொன்னால் ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் 90 ஓடிவிட்டு வருவார்கள், முகத்தில் சிரமமே தெரியாது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, உணர்வை வைத்து அளக்கக்கூடிய விஷயமில்லை இது.

கணக்கு எளிது. காயத்துக்கு முன் ஓடிவந்து கடக்கும் 30 மீட்டரில் அவருடைய சிறந்த நேரம் 3.20 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 80 சதவீதத்துக்கு 3.20ஐ 0.8 ஆல் வகுங்கள்: 4.00 விநாடி. 90 சதவீதம் 3.56. 95 சதவீதம் 3.37. நோட்டில் எழுதி டிராக் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கை வாட்ச் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு தவறும். அதனால் இரண்டு கோனும் தெரியும்படி மொபைலில் ஸ்லோ மோஷன் எடுத்து எண்ணுவது நல்லது.

வேக நாள் வாரத்துக்கு இரண்டு, கூடினால் மூன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவே குறைந்தது ஒரு நாள் இடைவெளி. அந்த நாட்களில் எடைப் பயிற்சியோ ஓய்வோ இருக்கட்டும். 80இல் இரண்டு நாள் சுத்தமாகப் போனால் 85, அடுத்து 90. 90க்கு மேல் நான் நிதானிப்பேன்: ஒரு நாளுக்கு நாலு ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் நடுவே நாலைந்து நிமிடம் முழு ஓய்வு. களைத்த காலோடு 95 சதவீதம் ஓடுவது பயிற்சி ஆகாது.

பக்கவாட்டில் நின்று வீடியோ எடுத்துப் பாருங்கள். பாதம் உடலுக்கு மிகவும் முன்னால் விழுகிறதா? இடுப்பு முன்னே கவிழ்ந்து முதுகு வளைந்திருக்கிறதா? இரண்டும் பின்தொடையை இன்னும் இழுக்கும். காயம்பட்ட காலை அறியாமல் சுருக்கி வைக்கிறாரா என்பதும் இதில்தான் பிடிபடும். ஏ ஸ்கிப் (தொடையை உயர்த்தித் துள்ளிப் போவது) போன்ற, தொடை உயர்த்தும் டிரில்களை வார்ம்-அப்பில் வைத்து இதைத் திருத்தலாம்.

வளைவு, பிளாக் ஸ்டார்ட் (தொடக்கக் கட்டையில் கால் வைத்துக் கிளம்புவது), ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்டக் காலணி) மூன்றையும் இதே வரிசையில், நேர்ப்பாதையில் 90 வந்த பிறகு, ஒரு நாளைக்கு ஒன்றாக மட்டும் சேருங்கள். ஸ்பைக்ஸையும் பிளாக்கையும் ஒரே மாலையில் கொண்டுவந்து கால் பிடித்தால், எது காரணம் என்று யாருக்கும் தெரியாது. கிரிக்கெட்காரர்கள் ரன் ஓடித் திரும்பும் திருப்பத்தையும், வேகப்பந்து வீச்சாளர்கள் குறைந்த ரன்-அப்பில் தொடங்கும் பந்துவீச்சையும் இந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். கபடி ஆடுபவர்களுக்குக் கடைசியில் வரவேண்டியது காலை நீட்டித் தொடுவது, முதலில் நின்றபடி, பிறகு ரெய்டு வேகத்தில்.

## படி 6: திரும்பலாமா என்ற தேர்வு

நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இவற்றைச் சோதியுங்கள்:

- விரலால் அழுத்தினால் பழைய இடத்தில் வலி இல்லை.
- மல்லாந்து படுத்து, இடுப்பை 90 டிகிரியில் வைத்து முழங்காலை நீட்டும்போது இரண்டு காலுக்கும் வித்தியாசம் 10 டிகிரிக்குள்.
- குதிகாலை 60 செ.மீ. உயரப் பெட்டியில் வைத்து ஒற்றைக்கால் பிரிட்ஜ். 20க்குக் கீழ் என்றால் இன்னும் நாளாகும். 30ஐத் தொட்டால் நல்லது. இரண்டு காலும் கிட்டத்தட்டச் சமமாக வர வேண்டும்.
- வலிமை வித்தியாசம் 10 சதவீதத்துக்குள்.

கடைசியாகச் சொன்னதை அளக்க டைனமோமீட்டர் (தசையின் பலத்தை அளக்கும் கருவி) இல்லாவிட்டால், கடிகார முகம் வைத்த பழைய பிபி கருவி போதும். அதன் பட்டையைச் சுருட்டி, 10 அளவுக்குக் காற்றடித்து, மல்லாந்து படுத்தவரின் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழுப் பலத்தோடு அழுத்தச் சொல்லி முள் எங்கே போகிறது என்று பாருங்கள். மூன்று தடவை, இரண்டு காலிலும். எண்ணைவிட இரண்டு காலுக்கும் உள்ள இடைவெளிதான் செய்தி. வாரா வாரம் குறித்து வந்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

இவை எல்லாம் தேறிய பிறகு அஸ்க்லிங்கின் எச்-சோதனை. மல்லாந்து படுக்கவைத்து, மற்ற காலைக் கட்டிலோடு கட்டி, சோதிக்கும் காலின் முழங்கால் மடங்காதபடி பிரேஸ் மாட்டுங்கள். காலை நேராக, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக மேலே வீசச் சொல்லுங்கள். மூன்று தடவை. வலியே இல்லாமல், ‘வீசக் கொஞ்சம் பயமாக இருக்கிறது’ என்று சொன்னாலும் தேறவில்லை என்றுதான் கணக்கு. இன்னும் ஓரிரு வாரம் பயிற்சி, பிறகு மறுபடி. முந்தைய சோதனைகள் தேறாமல் இதைச் செய்து பார்ப்பது ஆபத்து.

கடைசித் தேர்வு டிராக்கில். 95 சதவீதத்துக்கு மேல் குறைந்தது மூன்று நான்கு பயிற்சி நாட்கள், மறுநாள் காலையில் எந்தப் புகாரும் இல்லாமல். இது என் அளவுகோல், இதில் பேரம் பேச வேண்டாம். அந்த மூன்று நான்கு நாட்கள் மீட்டுக்கு முன் அடங்காது என்றால் மீட்டை விட்டுவிடுங்கள்.

எத்தனை வாரம் ஆகும் என்று கேட்டே தீருவார்கள். 2016 ஜூலை தொடக்கத்தில் உசைன் போல்ட் முதல் நிலைக் கிழிவு என்று ஜமைக்கா ஒலிம்பிக் தேர்விலிருந்து விலகினார். மூன்று வாரத்தில் லண்டனில் 200 மீட்டரை 19.89 விநாடியில் ஓடினார். ஆகஸ்டில் ரியோவில் மூன்று தங்கம். மிக லேசான காயம், உலகத் தரக் கவனிப்பு இரண்டும் சேர்ந்தால் அவ்வளவு சீக்கிரம். நம் பிள்ளைகளின் நடுத்தரக் கிழிவுக்கு ஆறிலிருந்து பத்து வாரம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். தசைநாண் கிழிவுக்கு அதற்கும் மேல்.

## திரும்பிய பிறகு

மறுபடி கிழியும் ஆபத்து முதல் சில வாரங்களில் அதிகம், ஒரு வருடம்வரை முழுதாகப் போவதில்லை. எனவே நார்டிக் வாரத்துக்கு ஒருமுறையாவது சீசன் முழுக்க இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், 95 சதவீதத்துக்கு மேல் சில ஓட்டங்கள் வேண்டும். காயத்துக்குப் பயந்து பயிற்சியில் வேகத்தையே தொடாமல் இருந்து, மீட்டில் மட்டும் முழு வேகம் ஓடுபவருக்குத்தான் மறுபடி பிடிக்கிறது.

தூரப் பயணமும் காத்திருப்பும் தனிப் பிரச்சினை. 2017 லண்டன் உலகப் போட்டியின் 4 இன்டு 100 ரிலேயில், தன் கடைசிப் பந்தயத்தில், போல்ட் இடது பின்தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அழைப்பறையில் நெடுநேரம் காக்கவைத்தார்கள் என்று அணித் தோழர் யோஹான் பிளேக் பிறகு குறைப்பட்டார். லண்டனிலேயே இப்படி என்றால், நம் மண்டலப் போட்டிகளில் காலை ஒன்பது மணி என்று போட்ட ஹீட் பதினொன்றரைக்குத்தான் நடக்கும். ஒன்பதுக்குச் செய்த வார்ம்-அப் அதற்குள் ஆறிப்போயிருக்கும். பேருந்தில் மூன்று மணி நேரம் மடங்கி உட்கார்ந்து வந்த கால் வேறு. முழு வார்ம்-அப்பை முடித்துவிட்டு, பெயர் கூப்பிடும்வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து டிரில்லும் இரண்டு ஸ்டிரைடும் (வேகத்தைப் படிப்படியாக ஏற்றும் சிறு ஓட்டம்) போட்டுக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். யார் எப்போது கூப்பிடுவார்கள் என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆளை அழைப்பு மேசையருகே நிறுத்திவிடுங்கள்.

வார்ம்-அப்பில் பழைய இடம் இறுகுகிறதா? முதல் ஸ்டிரைடில் இருந்து மூன்றாவதற்குள் விட்டுவிட்டால் ஓடலாம். அதே அளவில் இருந்தாலோ கூடினாலோ ஸ்பைக்ஸை மாட்டவேண்டாம், ரிலேயில் மாற்று ஆளின் பெயரை உடனே கொடுத்துவிடுங்கள். மறுநாள் படி 3இன் பிரிட்ஜிலிருந்து தொடங்கி, வலி இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிலை என்று ஏறினால், உள்ளே புதிதாகக் கிழியாமல் இறுக்கம் மட்டும் இருந்தவர்கள் ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி 90 சதவீதத்தில் நிற்பார்கள்.